சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் மேலே

அன்று காலை எட்டு மணிக்குள் பம்ப் பதினோரு முறை இருமிவிட்டது.

உப்பங்கரைக் குடியிருப்பில் அந்தச் சத்தத்துக்கு இருமல் என்றுதான் பெயர். வெள்ள எச்சரிக்கை வந்துவிட்டால் போதும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, யாரும் தொடாமலே, தரைக்கடியில் கிடக்கும் பெரிய பம்ப் முனகிக்கொண்டு எழும். இரண்டு மூச்சு இழுக்கும். பிறகு 'கொக்' என்று நின்றுவிடும். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு மழைக்கும் இதே கூத்து. யாராவது ஒரு வேலையைத் தொடங்கிப் பாதியில் விட்டால், "நம்ம பம்பு மாதிரி" என்று கேலி பேசுவது குடியிருப்பில் வழக்கமாகிவிட்டது.

தேசராணிக்கு அந்தக் கேலி பிடிக்காது. பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஆபரேட்டர் அவள்தான். வால்வு அறைச் சாவி அவள் இடுப்பில். சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு அழுத்தமானி, அதில் ஒரு கறுப்பு முள், ஒரு சிவப்புக் கோடு. பம்பால் அந்தச் சிவப்புக் கோடு வரைக்கும்தான் தள்ள முடியும். அதற்கு மேல் போனால் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு, தள்ளிய நீரெல்லாம் தொட்டிக்கே திரும்பிவிடும். முள்ளோ பன்னிரண்டு வருடமாகச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் மேலேயே நின்றது. ஒரு நூல் என்றால் நிஜமாகவே ஒரு நூல்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். அந்த ஒரு நூல்தான் போன வருடம் ஆல்பர்ட் அண்ணனைக் கொன்றது.

கதை புரிய வேண்டுமானால் அந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் வருடா வருடம் ஊருக்குள் வந்து போகத் தொடங்கிய பிறகு, சென்னைக்கு வடக்கே கழிமுகத்தின் ஓரத்தில் உயர்மேடை வாரியம் இரண்டு மேடைகளைக் கட்டியது. கிழக்கு மேடையில் உப்பங்கரைக் குடியிருப்பு: பத்து மாடி, மாடிக்கு முப்பத்திரண்டு வீடு. மேற்கு மேடையில் நீலாம்பரி ரெசிடென்சி: அதே அளவு மேடை, நூற்றிருபது வீடு, மொட்டை மாடியில் நீச்சல் குளம். ஒவ்வொரு மேடையின் கீழும் இருபத்துநான்கு சிலிண்டர்கள், அவற்றுக்குள் தடித்த பிஸ்டன்கள். கார் சர்வீஸ் நிலையத்தில் வண்டியைத் தூக்கும் அதே ஹைட்ராலிக் லிஃப்ட்தான். இங்கே வண்டிக்குப் பதில் ஊர். இரண்டு மேடையின் சிலிண்டர்களையும் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு குழாய் இணைத்தது. வெள்ளம் வந்தால் பம்ப் அந்தக் குழாய்க்குள் நீரைத் தள்ளும், இரண்டு மேடையும் ஒன்றாய் நான்கடி உயரும் என்பது திட்டம். திறப்பு விழாவில் ஒரு முறை உயர்ந்தது. அப்போது இரண்டு கட்டடத்திலும் ஆள் குடியேறியிருக்கவில்லை.

கட்டடமே ஒரு லிஃப்டின் மேல் நின்றாலும், கட்டடத்துக்குள் இருக்கும் லிஃப்ட் என்னவோ முதல் வருடமே படுத்துவிட்டது. அதனால் நடக்க முடியாதவர்களுக்கெல்லாம் வாரியம் தரைத்தளத்தில் வீடு ஒதுக்கியது. நல்ல எண்ணம்தான். முப்பத்திரண்டு தரைத்தள வீட்டிலும் காலில்லாதவர், முதுகு உடைந்தவர், பக்கவாதக்காரர். தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான்.

போன கார்த்திகையில் வெள்ளம் உள்ளே வந்தபோது அவர்களை நாற்காலியில் வைத்துப் படி ஏற்றினார்கள். ஆல்பர்ட் அண்ணனின் நாற்காலி இரண்டாம் திருப்பத்தில் சரிந்தது. தேசராணியின் புருஷன் ஏகாம்பரத்தை நான்கு பேர் தூக்கியதில் முதுகுப் புண் பிய்ந்து, ஆற ஐந்து மாதம் ஆனது.

இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கடல் ஏற்றம். மழையும் சேர்ந்து மூன்றடி நீர் உயரும் என்று வானொலி சொல்லிவிட்டது. வாசலில் இருக்கும் ஏழு படிகளில் மூன்று ஏற்கெனவே மூழ்கிவிட்டன.

"இன்னா ராணி, முள்ளு இன்னா சொல்லுது?" என்றான் ஏகாம்பரம். அவர்கள் வீடு வால்வு அறைக்கு அடுத்த கதவு. கட்டிலில் படுத்தபடியே அவளோடு பேசலாம்.

"அதே எடத்துலதான் கீது."

"இந்தத் தபா என்னை எவனும் தூக்க வாணாம்."

"தூக்காம? மீனு மாதிரி நீந்துவியா?"

"தூக்கறதுன்னா மேடையத் தூக்கு. நாற்காலியெல்லாம் நான் ஏற மாட்டேன்." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஏகாம்பரம் பதினைந்து வருடம் கார் லிஃப்டுக்கு அடியில் நின்று வேலை பார்த்தவன். லிஃப்டை ஏற்றியதும் இரும்பு லாக்கைத் தள்ளி, பாரத்தை அதன்மேல் இறக்கி உட்கார வைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். எண்ணெய் எவ்வளவு நல்ல எண்ணெயாக இருந்தாலும் ஒருநாள் கசியும். லாக் உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போக மாட்டார்கள். ஒரு அவசர நாளில், லாக் போட நேரமில்லை என்று முதலாளி அவசரப்படுத்திய நாளில், அவன் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் உள்ளே போனான்.

ஒன்பது மணிக்கு வாரியத்தின் படகில் பொறியாளர் நிரஞ்சன் வந்து இறங்கினான். முப்பது வயதிருக்கும், கண்ணாடியில் மழை. யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள் என்று அனுப்பியிருந்தார்கள். வந்ததும் வராததுமாகச் சொன்னான்: "ராணியம்மா, கீழ் வீட்டுக்காரங்களை மதியத்துக்குள்ள மேல கொண்டுபோயிடுங்க."

"நம்ம மேடை இந்த வருஷமும் அரை அடி இறங்கிகீது சார்."

"களிமண் பூமி. அழுந்தத்தான் செய்யும். ரிப்போர்ட்லயே இருக்கு."

தேசராணி அவனை வெளியே அழைத்துப்போய் ஏழாம் நம்பர் தூணைக் காட்டினாள். சிலிண்டருக்கு ஒன்றாக நிற்கும் இந்தத் தூண்கள் மேடையோடு நகராமல் பூமியில் ஊன்றி நிற்பவை. அதில் மேலிருந்து கீழாக நகச்சாயத்தில் நூற்றுக்கணக்கான சிவப்புக் கோடுகள். பெயிண்ட் மழையில் கரைகிறது என்று நகச்சாயத்துக்கு மாறியிருந்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் தேதி.

"மண்ணு அழுந்தினா ஒரே வாக்குல அழுந்தணும் இல்ல சார்? இத பாருங்க. நாலு நாளைக்கு ஒரு தபா ரெண்டு விரக்கட இறங்குது. அப்புறம் தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. மறுபடி இறங்குது. அந்தத் தேதியெல்லாம் இன்னா தேதி தெரியுமா? எங்களுக்குக் கொழாய்ல தண்ணி வர்ற தேதி."

நிரஞ்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்தால் ஜனம் என்ன செய்யும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நீல டிரம், பத்துப் பன்னிரண்டு குடம், அண்டா, வாளி, பக்கெட், பிள்ளை குளிக்கும் டப்பா வரை ரொம்பிவிடும். வீட்டுக்கு முந்நூறு லிட்டர் என்றால் முந்நூற்று இருபது வீட்டுக்கு ஏறக்குறைய நூறு டன். வரைபடம் போட்டவர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் நீர் வரும் என்று எழுதிவைத்துக் கணக்குப் போட்டவர்கள். அவர்கள் கணக்கில் ஒரு குடம்கூட இல்லை.

"எங்க பக்கம் கனம் கூடுது. நாங்க அழுந்தறோம். எங்களுக்குக் கீழ இருக்கிற தண்ணி கொழாய் வழியா அந்தப் பக்கம் போய் அவங்களத் தூக்குது. பன்னண்டு வருஷத்துல நாங்க ரெண்டரை அடி இறங்கினோம். அவங்க ரெண்டரை அடி ஏறினாங்க. மண்ணாம் மண்ணு!"

"ஆபீஸ்ல தெரியும்," என்றான் நிரஞ்சன் மெதுவாக. "குடம்தான் காரணம்னு எழுதினா, ஏன் குடம் வச்சிருக்காங்கன்னு அடுத்த கேள்வி வரும். அதனால மண்ணுன்னு எழுதினாங்க."

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டதற்காக அவனை மன்னிக்கலாமா என்று தேசராணி ஒரு கணம் யோசித்தாள். ஆல்பர்ட் அண்ணனின் நாற்காலி நினைவுக்கு வந்தது. மன்னிக்கவில்லை.

"அவங்க குளத்துல எவ்ளோ சார்?"

"நானூறு டன். அதுவும் பிளான்ல கிடையாது. பில்டர் பிற்பாடு கட்டினது."

"அதத் தொறந்து விடச் சொல்லலாம் இல்ல?"

"சொல்லிப் பார்த்தாச்சு. தீயணைப்புக்கு வேணும்னு அவங்க சங்கம் எழுதிக் குடுத்துட்டாங்க. குளத்தைத் தொறக்கச் சொல்லி நீங்க போட்ட மூணு லெட்டரும் அந்த ஃபைல்லதான் இருக்கு. என்னால உத்தரவு போட முடியாதும்மா."

"சரி சார். நீங்க உத்தரவு போட வாணாம்."

அவள் மனத்தில் இரண்டு கணக்கு இருந்தது. ஒன்றை ஊருக்குச் சொல்லலாம். இன்னொன்றை ஏகாம்பரத்திடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காதோ என்ற பயம்தான். ஆனால் காலையிலேயே, நீலாம்பரிக்கு வீட்டு வேலைக்குப் படகேறிய கோட்டீஸ்வரியிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள்: அங்கே கீழே குடியிருக்கும் வாட்ச்மேன் குடும்பங்கள் பத்து மணிக்குள் மாடிக்குப் போய்விட வேண்டும். அந்தப் பக்கமும் அடியில் கிடப்பது நம்மைப் போல ஆள்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு மாடிப்படியில் பெண்கள் கூடினார்கள். படிக்கு இரண்டு பேராய் நான்காம் மாடி வரைக்கும் தலை. ஏகாம்பரத்தின் மருந்துப் பெட்டியிலிருந்து ஊசி போடும் சிரிஞ்சுகளை எடுத்து வந்திருந்தாள் தேசராணி. தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று, நடுவில் மெல்லிய குழாய், உள்ளே தண்ணீர்.

"காத்த அமுக்கலாம். தண்ணிய அமுக்க முடியாது. ஒரு எடத்துல அழுத்தினா அந்த அழுத்தம் எல்லா எடத்துக்கும் ஒரே அளவா போவும். பாருங்க." தடித்த சிரிஞ்சின் தலையில் இட்டிலிப் பானையின் மூடியை வைத்து, அதன்மேல் குழவிக்கல்லை வைத்து, ஒரு பெண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மெல்லிய சிரிஞ்சை ஒற்றை விரலால் அழுத்தினாள். குழவி லேசாக எழும்பியது. படியெங்கும் ஒரு 'ஏ!' எழுந்தது.

"மந்திரம் இல்லக்கா. இந்தப் பக்கம் பரப்பு பத்து மடங்கு, அதனால தூக்கற பலமும் பத்து மடங்கு. ஆனா நான் விரல் நீளம் அழுத்தினா அது நூல் நூலாத்தான் ஏறும். சும்மா எதுவும் கெடைக்காது."

"கார் லிஃப்டும் அதே கதைதான்," என்று உள்ளேயிருந்து ஏகாம்பரம் குரல் கொடுத்தான். "ஒத்தக் கையால ஒரு லாரியத் தூக்கியிருக்கேன் நானு!"

"நீ சும்மா கெடய்யா," என்றாள் அவள். பிறகு ஒரே அளவுள்ள இரண்டு சிரிஞ்சுகளை எடுத்துக் குழாயில் மாட்டி, இரண்டின் தலையிலும் மூன்று மூன்று இரும்பு நட்டு வைத்தாள். இரண்டும் அசையாமல் நின்றன. ஒன்றில் இன்னொரு நட்டு வைத்தாள். அது இறங்க, மற்றது ஏறியது.

"இறங்கறது நாம. ஏறறது நீலாம்பரி. இந்த ஒத்த நட்டு இருக்குதே, அதுதான் நம்ம ஊட்டுத் தண்ணி. அத இப்பக் கொட்டணும். ஊட்டுக்கு ஒரு கொடம் குடிக்க வச்சிகினு மீதி அத்தனையும்."

படியெங்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நேற்றுதான் தண்ணீர் வந்திருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வரிசை போட்டு, முடியைப் பிடித்துச் சண்டை போட்டு, முட்டி வலிக்க மாடி மாடியாகச் சுமந்து ரொப்பிய தண்ணீர். வெள்ளத்தில் குழாய் உடைந்தால் அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதைப்போய்க் கொட்டு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? பச்சைப் பிள்ளைக்காரி ஒருத்தி அழுதேவிட்டாள். "மழைத் தண்ணியப் புடிச்சிக்கலாம்" என்று சொன்னவளை, "உன் புள்ளைக்கு நீ அத ஊத்து" என்று இன்னொருத்தி அடக்கினாள்.

ஆறாம் மாடி ஜைத்தூன் பீ அந்தச் சிரிஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழாயடியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் டிரம்மில் அடுத்தவள் கை பட்டால் அன்றைக்கு ரத்தம்தான். குடியிருப்பிலேயே அதிகத் தண்ணீர் வைத்திருப்பவள் அவள், மூன்று டிரம். ஆறாம் மாடிக்கு எந்த வெள்ளமும் வராது. ஆனால் போன வருடம் ஆல்பர்ட் அண்ணனின் நாற்காலியில் பின்பக்க இடது காலைப் பிடித்திருந்தவள் அவள்தான். ஈரத்தில் கை வழுக்கியது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ராணி," என்றாள். "மறுபடியும் நாற்காலி தூக்கணுமா?"

"தண்ணியக் கொட்டினா வாணாங்க்கா."

"சத்தியமா?"

தேசராணி அரைக் கணம் தயங்கினாள். "சத்தியமா."

ஜைத்தூன் பீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். சற்று நேரத்தில் ஆறாம் மாடித் தாழ்வாரத்திலிருந்து ஒரு நீல டிரம் சாய்ந்தது. தண்ணீர் மழையோடு மழையாக விழுந்தது. இரண்டாவது டிரம்மைச் சாய்க்கும்போது அவள் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல. அது வாரியத்துக்கும், நீலாம்பரிக்கும், கடலுக்கும் பொதுவாக இருந்தது. அதன்பிறகு எட்டாம் மாடியில் ஒருத்தி, மூன்றாம் மாடியில் ஒருத்தி. அரை மணிக்குள் பத்து மாடித் தாழ்வாரத்திலிருந்தும் குடம் குடமாகக் கொட்டியது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தார்கள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிஸ்டன்களின் ரப்பர் வளையங்கள் கிறீச்சிட்டன. தூணில் நேற்று வைத்த நகச்சாயக் கோடு மேடையின் விளிம்புக்குக் கீழே போனது. ஒரு விரல், நாலு விரல், ஒரு சாண். பதினொன்றரைக்குக் கணக்காக ஒரு அடி. மூழ்கியிருந்த மூன்று படியில் இரண்டு வெளியே வந்தன. கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் இரண்டு கையாலும் சுவரைத் தட்டினான்.

எதிர் மேடை ஒரு அடி இறங்கியது. நீலாம்பரியின் கார் நிறுத்துமிடத்துக்குள் நீர் புகுந்தது. நிரஞ்சனின் கைபேசி விடாமல் அடித்தது. எதிர்முனையில் அவர்கள் சங்கத் தலைவர் போட்ட சத்தம் வால்வு அறை முழுக்கக் கேட்டது. பேசி முடித்தவன் வெளிறிப்போயிருந்தான்.

"ராணியம்மா, ஒண்ணு செய்யலாம். இணைப்பு வால்வை இப்பவே மூடிடுங்க. உங்களுக்கு ஒரு அடி கிடைச்சாச்சு, அது உங்களுக்கே. அவங்களும் இதுக்கு மேல இறங்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

வாசலில் நின்ற பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். மூடு, மூடு என்றார்கள். சாவி அவள் கையில் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக வாரியம் அவளைக் கேட்டுக்கொள்கிறது. மூடினால் இன்றைக்கு ஜெயித்த மாதிரிதான்.

ஆனால் நாலு மணிக்கு வரப்போவது மூன்றடி. ஒரு அடியை வைத்துக்கொண்டு அதில் கால் கழுவலாம்.

"மூட மாட்டேன் சார்."

"நல்லா யோசிங்க. அவங்க சும்மா இருக்க மாட்டாங்க."

"இருக்க மாட்டாங்க இல்ல?" என்றாள் தேசராணி. அவள் அதைக் கேட்ட விதம் நிரஞ்சனுக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு நீலாம்பரியின் மொட்டை மாடியிலிருந்து வெள்ளையாக ஒரு நீர்ச்சுவர் இறங்கியது. குளத்தின் மதகைத் திறந்துவிட்டார்கள். மூன்று கடிதம் எழுதியும், கோப்பு மூன்று மேசை நகர்ந்தும், தீயணைப்புக்கு வேண்டும் என்று ஒரு சொட்டு விடாதவர்கள், கார் நனைந்ததும் நானூறு டன்னையும் ஒரே மூச்சில் கடலுக்கு விட்டார்கள். அவர்கள் மேடை இலேசாகி மேலே ஏறத் தொடங்கியது. உப்பங்கரை இறங்கத் தொடங்கியது.

ஒரு சாண் போனது. இன்னொரு சாண். வெளியே வந்திருந்த படிகள் மறுபடி மூழ்கின. அவளே வைத்த கோடு அவள் கண் முன்னால் மேலே போனது.

"அடிப்பாவி!" என்றாள் ஜைத்தூன் பீ. "எங்கிட்ட இருந்த தண்ணியும் போச்சு, ஏறினதும் போச்சு. சத்தியம் பண்ணியேடி! இன்னாத்துக்குடி சத்தியம் பண்ணே?"

மற்றவர்கள் கத்தக்கூட இல்லை. காலிக் குடங்களோடு வந்து நின்று அவளைப் பார்த்தார்கள். நாளைக்கு இவர்களோடுதான் குழாயடியில் நிற்க வேண்டும், இவர்கள் பிள்ளைகள் குடிக்கக் கேட்கும்போது இவர்கள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது தேசராணிக்குத் தெரியும். கணக்கு தப்பினால் இனி இந்தக் குடியிருப்பில் அவளுக்கு வாழ்வில்லை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழுத்தமானியிடம் போனாள்.

முள் சிவப்புக் கோட்டின் மேலேயே, அதை மறைத்துக்கொண்டு நின்றது. குளம் இன்னும் வடிந்து முடியவில்லை.

"சார், இப்டி வாங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். முள்ளு எங்க நிக்குது?"

நிரஞ்சன் குனிந்தான். "கோட்டு மேல." கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றான். பிறகு அவன் குரல் மாறியது. "கோட்டுக்குக் கீழ. ராணியம்மா, கீழ வந்துடுச்சு!"

"எவ்ளோ?"

"ஒரு நூல்."

அப்போது பத்து நிமிடம் முடிந்தது. தரைக்கடியில் பம்ப் முனகிக்கொண்டு எழுந்தது. ஒரு மூச்சு இழுத்தது. இரண்டு மூச்சு இழுத்தது. 'கொக்' சத்தத்துக்குப் பழகிய காதுகள் எல்லாம் அதற்காகக் காத்திருந்தன. அது வரவில்லை. மூன்றாவது மூச்சு, நான்காவது, பிறகு எண்ண முடியாதபடி ஒரே சீராக ஓட்டம். பன்னிரண்டு வருடம் தொட்டியில் கிடந்த நீர் குழாய்க்குள் பாய்ந்தது.

தூணில் கோடு நின்றது. பிறகு கீழே நகரத் தொடங்கியது. எதிரே நீலாம்பரியும் கூடவே எழுந்தது. யாரும் யாரையும் அழுத்தவில்லை. இரண்டு மேடையும் ஒன்றாய், கட்டிய நாளில் சொன்ன மாதிரியே, ஏறின.

நிரஞ்சன் அழுத்தமானியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் எடை குறைஞ்சாதான் அழுத்தம் கோட்டுக்குக் கீழ வரும். உங்க தண்ணி மட்டும் பத்தாது. அவங்க குளமும் காலியாகணும்." நிறுத்தினான். "அவங்க தொறப்பாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணு லெட்டர் போட்டேன் சார். எங்களுக்கோசரம் தொறங்கன்னு கேட்டேன். தொறக்கல. நாங்க ஏறிடுவோம்னு பயந்தா தொறப்பாங்கன்னு தோணிச்சு."

ஜைத்தூன் பீ இதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "இத முன்னாலயே சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள்.

"சொல்லியிருந்தா எவனோ ஒருத்தன் போன்ல அந்தப் பக்கம் சொல்லியிருப்பான். அப்புறம் அவன் குளத்தத் தொறப்பானா?"

ஜைத்தூன் பீ அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அது கோபத்தில் பாதி, மீதி வேறு.

இரண்டரை மணிக்கு மேடை நான்கடிக்குக் கொஞ்சம் கூடவே ஏறி நின்றது. கழிமுகம் கீழே கலங்கலாக அலைந்தது. தேசராணி வால்வு அறையின் மூலையில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஆளின் தொடை மொத்தத்தில் இருபத்துநான்கு இரும்புப் பின்கள். மேடை உயர்ந்தபின் தூண்களில் இருக்கும் துளைகளில் செருகினால், மேடை இவற்றின்மேல் உட்காரும். இவற்றை ஒரு நாளும் போடக் கூடாது என்று வாரியத்தின் நிரந்தர உத்தரவு. போட்டால் ஒரு மேடை இறங்கி இன்னொன்று ஏற வழியில்லாமல் போய்விடும். ஆனாலும் மாதம் தவறாமல் அவள் கிரீஸ் தடவி வந்தாள். லிஃப்ட்காரன் பெண்டாட்டிக்கு லாக் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"அனுமதி இல்லாம போட முடியாது," என்றான் நிரஞ்சன். "பின் போட்டுட்டா அப்புறம் வாரியம் நெனச்சாக்கூட இறக்க முடியாது."

"ஆமா சார். அதுக்குத்தான் போடறோம்."

"நாளைக்கு அவங்க மறுபடி குளத்தை ரொப்பினா?"

"ரொப்பிக்கட்டும். அவங்க கனத்த அவங்களே தாங்கிக்கட்டும். அவங்களையும் பின்னப் போட்டுக்கச் சொல்லுங்க, நல்லதுதானே. நாங்க இனிமே யாருக்கும் எதிர்ப்பாரமா உக்கார மாட்டோம்."

அவன் தடுக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. ஆறு ஆறு பேராகப் பெண்கள் பின்களைத் தூக்கிக்கொண்டு தூண் தூணாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முந்நூறு லிட்டர் தண்ணீரை மாடிக்கு ஏற்றிப் பழகிய தோள்களுக்கு அது பெரிய கனமில்லை.

ஏழாம் நம்பர் தூணின் பின்னை மட்டும் தேசராணி யாரையும் தள்ள விடவில்லை. ஏகாம்பரத்தின் கட்டிலையே அப்படியே உருட்டி வாசலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். பின்னைத் துளையில் முனை பொருத்தி வைத்து, அவன் கையில் பெரிய சுத்தியலைக் கொடுத்தாள். படுத்தபடியே ஒருக்களித்து அடித்தான். ஐந்தாவது அடியில் அது உள்ளே போனது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப மெதுவா எறக்கு," என்றான். "லாக்கு மேல பாரம் உக்காரணும்."

அவள் போய், நீரைத் தொட்டிக்குத் திருப்பும் வால்வைக் கால் சுற்றுத் திறந்தாள். மேடை ஒரு விரல் இறங்கியது. இருபத்துநான்கு தூணிலும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சத்தம் வந்தது. கடைசியாக ஏழாம் தூணில், அவன் காதுக்குப் பக்கத்தில், 'டக்.'

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவன் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. மேலே ஆறாம் மாடியில் ஜைத்தூன் பீ காலி டிரம்களை மழையில் இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் ரொப்பிக்கொள்ளலாம்.

நாலு மணிக்குக் கடல் வந்தது. மூன்றடி ஏறி, மேடையின் விளிம்புக்குக் கீழே நின்று, ஒன்றும் கிடைக்காமல் தளும்பியது.

படகில் ஏறுமுன் நிரஞ்சன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பேனா மூடியைக் கழற்றினான், போட்டான். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டான்: "ராணியம்மா, மேடை நாலடி உயர்ந்திருக்கு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நான் என்னன்னு எழுதறது?"

தேசராணி இடுப்புச் சாவியைச் சரியாகச் செருகிக்கொண்டாள்.

"இத்தினி வருஷம் மண்ணு இறங்குதுன்னு எழுதினீங்க இல்ல சார்?" என்றாள். "இப்ப மண்ணு எழுந்துகிச்சுன்னு எழுதுங்க."